காளிப்பாறைக்குக் கீழே ஒரு கடல்

காளிப்பாறைக்கு அடியில் ஒரு கடல் கிடக்கிறது என்று முதலில் பார்த்தவள் அகிலா. கண்டுபிடித்தாள் என்று பத்திரிகைகள் எழுதின. உண்மையில் அவள் செய்தது, காலையில் நிலத்தடி நீர் அலுவலகம் வந்து, கைப்பையை மாட்டிவிட்டு, கணினியைத் திறந்தது மட்டும்தான். போன வாரம் ஓடவிட்ட கணக்கு முடிந்து திரையில் நின்றது. மாவட்டத்திலேயே காய்ந்துபோன பன்னிரண்டு ஊர்களுக்குக் கீழே, நீல நிறம் ஒரே விரிப்பாக விரிந்து கிடந்தது. பத்து மணிக்கு இயக்குநர் பழனிவேல்ராஜன் வந்து பார்த்தார். பதினொரு மணிக்கு அலுவலகம் முழுக்க ஜிலேபி.

அந்தக் கணக்கு இயந்திரத்துக்குப் பெயர் பாதாளம். ஐம்பது வருடமாக ஆளாளுக்கு ஆழ்துளைக் கிணறு போட்டு மாவட்டத்தையே இடியாப்ப அச்சு மாதிரி ஆக்கி வைத்த பிறகுதான் அரசாங்கம் விழித்துக்கொண்டது. இனி ஒருவரும் துளை போடக்கூடாது என்று சட்டம் வந்தது. ஏற்கெனவே போட்ட நாலு லட்சம் துளைகளின் காகிதங்களையும் தேடி எடுத்து, பாதாளத்துக்குக் கொடுத்தார்கள். எத்தனை அடியில் செம்மண், எத்தனை அடியில் பாறை, எங்கே வெடிப்பு, எங்கே ஈரம் என்று துளை போட்ட டிரில்லர்கள் கிறுக்கி வைத்த காகிதங்கள். ஒரு தோட்டத்தில் நூறு அடியில் வெள்ளைப்பாறை, பக்கத்துத் தோட்டத்தில் நூற்றிருபதில் அதே பாறை என்றால், நடுவில் அது சாய்ந்துதான் போயிருக்க வேண்டும். இப்படிப் புள்ளிகளைக் கோத்துக் கோத்து, பாதாளம் பூமியின் உள்வயிற்றை வரைந்து காட்டியது. அது சொன்னால் போதும், தோண்டிப் பார்க்கத் தேவையில்லை என்று சட்டமே சொன்னது.

கடல் கிடைத்ததும் ஒரு திட்டமும் கிடைத்துவிட்டது. காளிப்பாறை முதலான பன்னிரண்டு ஊர்களும் ஆற்றிலிருந்து வரும் ஒரே குழாயை நம்பிக் குடித்துக்கொண்டிருந்தன. காலடியில் கடலை வைத்துக்கொண்டு ஆற்றுத் தண்ணீர் எதற்கு? குழாயைப் புதிதாக வரும் தொழில் நகரத்துக்குத் திருப்பிவிடலாம், ஊருக்கு ஒரே ஒரு துளை என்று அனுமதித்துக் கடலை எழுதிக் கொடுத்துவிடலாம். வரும் திங்கட்கிழமை பன்னிரண்டு ஊராட்சித் தலைவர்களும் கையெழுத்துப் போட வேண்டும். பதினொரு பேர் சரி என்றுவிட்டார்கள். பன்னிரண்டாவது ஆளான காளிப்பாறைத் தலைவி சிந்தாமணி மட்டும், பஸ் பிடித்து நேரே அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

ஐம்பது வயதிருக்கும். இயக்குநர் காட்டிய நாற்காலியில் உட்காராமல் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

"ஏனுங் சார், எங்கூர்ல போர் போடாத தோட்டமே கெடையாதுங்க. எல்லாமே பொய்த்துப்போச்சு. அத்தன பேரு தோண்டியும் அகப்படாத கடலு இப்ப எங்கிருந்துங்க வந்துச்சு?"

"அவங்க நிறுத்தின எடத்துக்குக் கொஞ்சம் கீழதாம்மா இருக்கு. இன்னும் கொஞ்சம் போயிருந்தா கெடைச்சிருக்கும்" என்றார் இயக்குநர்.

சிந்தாமணி நீலத்தையே பார்த்தார். "அதேதானுங் எல்லாரும் சொல்வாங்க" என்றார். கோபமில்லை. பழகிப்போன குரல். இயக்குநர் அதைக் கவனிக்கவில்லை. அகிலாவுக்கு அந்த வாக்கியம் சாப்பிடும்போது பல்லில் பட்ட கல் மாதிரி ஆகிவிட்டது.

அன்று மதியம் அவள் கடலின் மேற்பரப்பை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தாள். எழுநூறு அடியில் நின்றுபோன துளைக்குக் கீழே, எழுநூற்றுப்பத்தில் கடல். பக்கத்துக் காட்டில் தொள்ளாயிரத்து அறுபதில் நின்ற துளைக்குக் கீழே, தொள்ளாயிரத்து எழுபதில் கடல். எங்கே பார்த்தாலும் பத்தடி. ஒவ்வொரு டிரில்லரும் எங்கே நிறுத்தப் போகிறான் என்று விசாரித்துக்கொண்டு, தண்ணீர் பத்தடி தள்ளிப் படுத்திருக்குமா? இயற்கை அவ்வளவு மரியாதை தெரிந்ததல்ல. 

அவள் மூலக் காகிதங்களின் படங்களைத் திறந்தாள். விதவிதமான கையெழுத்து, எண்ணெய்க் கறை, தண்ணீர்க் கறை. தண்ணீர் கிடைத்த துளைகளில் எவ்வளவு கிடைத்தது என்று எழுதியிருந்தது. கிடைக்காதவற்றில் கடைசி வரி எல்லாவற்றிலும் ஒன்றுதான்: 'மேலும் ஆழத்தில் ஈரம் உண்டு.' நாலு லட்சத்தில் அறுபத்தோராயிரம் காகிதங்களில் அந்த வரி இருந்தது. பாதாளத்துக்குத் தமிழ் வாக்கியம் புரியாது, எண்தான் புரியும். எந்த வாக்கியத்துக்கு எந்த எண் என்று நாலு வருடத்துக்கு முன் பட்டியல் போட்டது யார் என்று அவள் தேட வேண்டியதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் அவளே போட்டது. அந்த வரிக்கு எதிரே அவளே தட்டியிருந்தாள்: 'அடுத்த படியில் நீர்.' பாதாளத்தின் கணக்கில் ஒரு படி என்பது பத்தடி.

அகிலா மன்னார்குடிப் பக்கத்துக்காரி. அங்கே பத்தடி தோண்டினால் கால் நனையும். தண்ணீர் வராத கிணறு ஒன்றை அவள் வாழ்நாளில் பார்த்ததில்லை. ஒரு டிரில்லர் ஈரம் உண்டு என்று எழுதினால், ஈரத்தை முகர்ந்துதான் எழுதியிருப்பார் என்று நம்பிவிட்டாள்.

மறுநாள் திருச்செங்கோட்டுக்குப் போனாள். காளிப்பாறைக் காகிதங்களில் பாதிக்கு மேல் அர்த்தநாரி என்று கையெழுத்திட்டிருந்தது. ஒரு காலத்தில் பெரிய டிரில்லர். தடை வந்த பிறகு, போர் வண்டியின் கம்ப்ரசரைக் கழற்றி வைத்துக்கொண்டு பள்ளிக்கூட வேன்களுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். முழங்கை வரை மஞ்சள் பெயிண்ட். அவள் நீட்டிய காகிதத்தைக் கையில் வாங்காமல் எட்டிப் பார்த்தே படித்தார்.

"அதுங்களா? அது சும்மா எழுதறதுங் மேடம்."

"சும்மான்னா?"

"எலுமிச்சம்பழம் அறுத்து, சூடம் கொளுத்தி, தொளை போடற பிட்ட எறக்கியாச்சுன்னா, பொறவு அந்தத் தொளைகிட்ட நின்னுக்கிட்டு எவனும் 'இல்ல'ன்னு சொல்லமாட்டானுங். சொல்லவும் கூடாது, எழுதவும் கூடாது. எங்க தொழில்ல அது வழக்கமுங்."

"தண்ணி வரலைன்னாலுமா?"

"வரலைன்னாத்தானுங் அது வேணும்." அர்த்தநாரி கையைத் துணியில் துடைத்தார். "காத்தால இருந்து வெறும் புகையா வரும் மேடம். பாறைப்பொடி. குடும்பமே சுத்தி நிக்கும். கொழந்தைக தலையெல்லாம் வெள்ளையாயிரும். ராடு தீந்துருச்சுன்னு நான் வண்டிய நிறுத்துனா, அந்தாளு என் மூஞ்சியவே பாப்பான். இல்லைங்கன்னு ஒரு வார்த்த சொன்னா அங்கெயே உசுரு போயிரும். என்ற கூட ஓட்டுனவன் ஒருத்தன் சொல்லிப்போட்டான். விடிஞ்சா அந்தத் தோட்டத்துக்காரன் இல்ல. அதுக்கப்பறம் நாங்க யாரும் சொன்னதில்லீங். இன்னும் ஆழத்துல இருக்குதுங்கன்னு சொல்லிப்போட்டு, அதையே காகிதத்துல எழுதிக் குடுத்துட்டு, வண்டியக் கெளப்பிருவோம். வாங்கி மடிச்சு வெச்சுக்குவாங்க. அவங்களுக்குந் தெரியுமுங் அது என்னன்னு."

அகிலா அந்தக் காகிதத்தை மடித்தாள். அறுபத்தோராயிரம் வீடுகளில் மடித்து வைத்த ஆறுதலைத்தான் அவள் கூட்டிக் கடலாக்கியிருக்கிறாள்.

"நீங்க எழுதினத வெச்சு ஒரு கடலே வரைஞ்சுட்டோம் அண்ணே" என்றாள்.

அர்த்தநாரி சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. "காகிதத்த ஒரு மிஷினு படிக்கும்னு யாருக்குங் தெரியும்?"

இயக்குநரிடம் ஓடினாள். பழனிவேல்ராஜன் கெட்டவரல்ல. பட்டியலைத் திறந்து பார்த்து, நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"பட்டியல்ல ஒரு எண்ண மாத்தணும்னா குழு கூடணும். மூணு மாசம் ஆகும். திங்கக்கிழம கையெழுத்து. ஒரு டிரில்லரோட வாய்ச்சொல்ல வெச்சு நான் எத நிறுத்தறது?"

"தோண்டிப் பாத்தா?"

"சட்டத்துல இடம் இருக்கு. கையெழுத்துக்கு முன்னாடி ஊராட்சி ஒரு சோதனைத் துளை கேக்கலாம். யாரும் கேக்கறதில்ல. ஏன்னா ஊருக்கு அனுமதி மொத்தமே ஒரு துளைதான். அதுல தண்ணி வரலைன்னா வராததுதான். இன்னொண்ணு கெடையாது." கொஞ்சம் யோசித்து அவரே சொன்னார்: "வெறும் காய்ஞ்ச துளையும் பத்தாது. அறுபத்தோராயிரம் காய்ஞ்ச துளை ஏற்கெனவே இருக்கே. துளைக்குக் கீழ என்னன்னு பாதாளத்துக்குச் சொல்ற ஒரே சாட்சி டிரில்லரோட கடைசி வரி. நீ சொல்றபடி பாத்தா, நாலு லட்சத்துல ஒரு 'இல்லை' கூட அது படிச்சதில்ல. அப்படி ஒரு பதில் உண்டுன்னே அதுக்குத் தெரியாது. பழைய துளைக்குப் பக்கத்துல, அதே டிரில்லர் கையால ஒரே ஒரு 'இல்லை' பதிவானா, ரெண்டையும் ஒப்பிட்டு அதுவே எல்லாத்தையும் மறுகணக்குப் போடும். அதுக்குக் குழு வேண்டாம்."

காளிப்பாறை ஊராட்சி அலுவலகத்தில் அகிலா எல்லாவற்றையும் சொன்னாள். தப்பு தன்னுடையது என்பதையும் சொன்னாள். சிந்தாமணி கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அப்ப எங்களுக்குன்னு இருக்கற ஒரே போரை, தண்ணி இல்லைன்னு தெரிஞ்சே போடோணும்?"

"ஆமாக்கா. இல்லைன்னு பதிவானாத்தான் குழாய் நிக்கும்."

"போட்டு, தப்பித்தவறி தண்ணி வந்துட்டா?"

"வந்தா சந்தோஷம்தானே."

சிந்தாமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்ல கதையா இருக்குது அம்மிணி. வந்தாலும் சரி, வராட்டியும் சரின்னு இந்த ஊர்ல ஒரு போரு போடறது இதுதான் மொதத் தடவ." பிறகு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். "எங்க போடோணும்னு நானே காட்டறேன். வாங்க."

அவர் காட்டிய இடம் ஒரு மேட்டுக்காடு. ஓரத்தில் பழைய துளை ஒன்று, மேலே தட்டையான கல் வைத்து மூடியிருந்தது. அதிலிருந்து பத்தடியில் கோடு கிழித்தார். வெள்ளிக்கிழமை காலை அர்த்தநாரி தன் வண்டிக்குக் கம்ப்ரசரைத் திரும்ப மாட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். இறங்கியவர் அந்தக் கல்லைப் பார்த்தார், சிந்தாமணியைப் பார்த்தார், எலுமிச்சம்பழத்தை அறுத்தார்.

வண்டி உறுமியது. புகை கிளம்பியது. ஊர் மொத்தமும் காட்டு ஓரத்தில் வந்து நின்றது. இருநூறு அடி, நானூறு அடி. இருபதடிக்கு ஒரு ராடு மாட்டி மாட்டி இறக்கினார்கள். அறுநூறில் ஈரம் தட்டியதுபோலப் புகை கொஞ்சம் கறுத்ததும் கூட்டத்தில் ஒருவர் அறியாமல் கும்பிட்டுவிட்டார். பிறகு பக்கத்தில் நின்றவரைப் பார்த்து, எதற்குக் கும்பிட்டோம் என்று தெரியாமல் கையை இறக்கிக்கொண்டார். தண்ணீர் வரக்கூடாது என்று நிற்கிற கூட்டம். ஆனாலும் துளையைப் பார்த்தால் கை தானாகவே குவிகிறது. புகை மறுபடி வெளுத்தது. ஆயிரம் அடி தாண்டியது. கடல் இருக்க வேண்டிய ஆழமெல்லாம் பாறைப்பொடியாகப் பறந்து, எல்லார் தலையிலும் படிந்தது. நாலரை மணிக்கு ஆயிரத்து நானூறாவது அடியில் கடைசி ராடும் இறங்கிவிட்டது. அர்த்தநாரி வண்டியை நிறுத்தினார்.

சோதனையை மேற்பார்வையிட வந்திருந்த இயக்குநர் பதிவுக் கருவியை அவரிடம் நீட்டினார். ஆழம், பாறை எல்லாம் தானாகவே பதிவாகியிருந்தது. கடைசி வரி மட்டும் காலி. அதை டிரில்லர்தான் துளைக்குப் பக்கத்தில் நின்று, வாயால் சொல்லி, கையால் எழுத வேண்டும்.

அர்த்தநாரி கருவியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கை எழுத வந்தது, நின்றது, மறுபடி வந்தது. அகிலா எட்டிப் பார்த்தாள். 'மேலும்' என்று எழுதியிருந்தார்.  அந்த வரி முடிந்தால் கடல் ஆயிரத்து நானூற்றுப்பத்துக்கு இறங்கிப் படுத்துக்கொள்ளும். திங்கட்கிழமை குழாய் போய்விடும்.

"அண்ணே" என்றாள்.

"வரமாட்டேங்குதுங் மேடம்" என்றார் அர்த்தநாரி.  "இந்தக்காகிட்டயா? இதே எடத்துல வெச்சா?"

சிந்தாமணி முன்னால் வந்தார். தலை, புருவம் எல்லாம் வெள்ளைப் பொடி. "தம்பி, சொல்லிப்போடுங்க. அன்னைக்கு நீங்க சொல்லாம உட்டது எங்களுக்கு வேண்டியிருந்துச்சு. இன்னைக்கு இது வேணும். எனக்கு ஒண்ணும் ஆவாது, சொல்லுங்க."

அர்த்தநாரி அவர் முகத்தைப் பார்த்தார். எழுதியதை அழித்தார்.

"இல்லைங்கக்கா" என்றார். "தண்ணி இல்லைங்க."

எழுதினார். எழுதிவிட்டு வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்து, பெயிண்ட் கறை போகாத கையால் முகத்தை மூடிக்கொண்டார். கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லாரும் தட்டினார்கள். ஊராட்சி அலுவலகத்திலிருந்து ஒரு தட்டு நிறைய லட்டு வந்தது. காய்ந்த துளையைச் சுற்றி நின்று அந்த ஊர் இனிப்புச் சாப்பிட்டது.

பாதாளம் மறுகணக்குப் போட இரண்டு நாள் எடுத்துக்கொண்டது. நீலம் ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு ஊர்களுக்குக் கீழேயும் வெறும் பாறைதான். குழாய்த் திட்டம் நின்றது. அகிலாவுக்கு ஒரு விளக்கக் கடிதம் எழுதச் சொல்லி உத்தரவு வந்தது. அவள் ஒளிக்காமல் எழுதிக் கொடுத்தாள். அதோடு முடிந்தது என்று நினைத்தாள்.

முடியவில்லை. ஒரு கிணற்றின் பதிவு மாறினால் அதன் உரிமையாளருக்குத் தகவல் போக வேண்டும் என்பதும் சட்டம். செவ்வாய்க்கிழமை காலை திரையில் பட்டியல் வந்து நின்றது. அறுபத்தோராயிரம் பெயர்கள், அறுபத்தோராயிரம் கைபேசி எண்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே செய்தி: 'தங்கள் ஆழ்துளைக் கிணற்றின் பதிவு திருத்தப்பட்டுள்ளது. நீர் இல்லை.' ஐம்பது வருடமாக டிரில்லர்கள் சொல்லாமல் காப்பாற்றி வந்த வார்த்தையை அவள் ஒரு விரலால் அனுப்ப வேண்டும். இதைத் தவிர்க்க வழியில்லை. பதிவைத் திருத்தாமல் விட்டால், அதை நம்பி நாளைக்கு இன்னொரு கடல் முளைக்கும். அவள் சிந்தாமணியை அழைத்தாள்.

"மூணு மணிக்கு எல்லாருக்கும் மெசேஜ் போகும்க்கா. திடீர்னு பாத்தா ஊர்ல பயந்துடப் போறாங்க. முன்னாடியே சொல்லி வையுங்க."

"சொல்லிப்போடறேன் அம்மிணி." போனை வைக்கப் போனவர் மறுபடி கேட்டார். "ஏனுங் அம்மிணி, என்ற போனுக்கும் வருமா?"

அகிலா பட்டியலில் தேடினாள். காளிப்பாறை, மேட்டுக்காடு. எண்ணூற்று நாற்பது அடி. உரிமையாளர் மாரப்பன். கைபேசி எண் சிந்தாமணியுடையது. டிரில்லர் அர்த்தநாரி. கல் போட்டு மூடியிருந்த துளை.

"வரும்க்கா. மாரப்பன்னு..."

"என்ற வீட்டுக்காரரு. அவரு போயி ஏழு வருசமாச்சு. ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டுக்கூட, இன்னொரு நூறு அடி போயிருந்தா வந்துருக்கும் சிந்தான்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. அந்தக் காகிதம் அவரு சட்டப் பையிலயே கெடந்துச்சு." அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "அங்க ஒண்ணுமில்லைன்னு எனக்குத் தெரியாமயா? பக்கத்துலயே நின்னு பொடி தின்னவதான நானு. எனக்கு வந்தா வந்துட்டுப் போகுது. ஆனா அது அவரு பேருக்கு வருதல்லோ. அத மட்டும் அப்படியே உட்டுற முடியாதுங்களா?"

முடியாது என்பதுதான் சரியான பதில். அகிலா வாயைத் திறந்தாள். அந்த வார்த்தை வரவில்லை.

"பாக்கறேன்க்கா" என்றாள்.

மூன்று மணிக்குச் செய்திகள் போயின. அறுபத்தோராயிரத்தில் ஒன்று குறைவு; அந்த ஒரு பதிவில் மட்டும் பழைய வரி திரும்ப வந்திருந்தது. நாலு மணிக்கு இயக்குநர் டீயோடு வந்து திரைக்கு முன்னால் நின்றார். சாம்பல் நிறப் பாறை பன்னிரண்டு ஊர்களுக்குக் கீழேயும் பரந்து கிடந்தது. காளிப்பாறைக்கு நேர் கீழே, எண்ணூற்று ஐம்பது அடியில், ஒரே ஒரு கடுகளவு நீலம்.

"இது என்னம்மா? பத்தடி தள்ளி ஆயிரத்து நானூறு அடி காய்ஞ்சு கெடக்கு. இங்க மட்டும் எப்படித் தண்ணி வரும்?"

அகிலா திரும்பாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ஆழத்துல இருக்கு சார்" என்றாள்.

பழனிவேல்ராஜன் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு அந்த நீலத்துக்குரிய பதிவில் மாரப்பன் என்ற பெயரையும் சிந்தாமணியின் எண்ணையும் படித்தார். டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, தன் அறைக்குப் போனார்.